மேடம் சிரைத்த கோதுமை

என் குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே, டூத்பேஸ்ட்டுக்கும் தலைச்சாயப் பெட்டிக்கும் நடுவில், இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன ரேசர் இருக்கிறது. பெண்கள் புருவம் திருத்திக்கொள்வது. விவேக் நகரில் எந்த ஃபேன்ஸி ஸ்டோரிலும் அட்டையில் கோர்த்துத் தொங்கும். இதன் பிளேடு மழுங்கி வருடங்கள் ஆகிவிட்டன. இப்படி ஒரு ரேசர் உலகத்தில் இருப்பதே தெரியாத நாளில் நான் ஒன்றை மனப்பூர்வமாக நம்பினேன். கோதுமைச் செடிகளுக்கு என்னால்தான் முடி கொட்டிவிட்டது என்று நம்பினேன். வேளாண்மையில் முதுகலைப் பட்டம் வாங்கியவன், பூச்சியியல் ஆய்வாளன் என்று அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தவன், தன் முன்னந்தலை வழுக்கை செடிக்குத் தொற்றியிருக்குமோ என்று ஒரு கணம் யோசித்தான் என்றால், அவன் நிலைமையை நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் சோகம் என்று சொன்னால் மரியாதையாக இருக்கும். உண்மையில் கோபம். போன மாதம் எங்கள் மேடம் காலமானார். நான் அந்தப் பழைய விதைக் கம்பெனியை விட்டு வெகுகாலம் ஆகிறது. இப்போது பொம்மசந்திராவில் ஒரு பிஸ்கட் ஃபாக்டரியில் மாவில் வண்டு இருக்கிறதா என்று பார்ப்பது என் உத்தியோகம். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது போனில் பழைய கம்பெனியின் இரங்கல் செய்தி வந்தது. மேடத்தின் படம். பின்னணியில் முடியடர்ந்த ஒரு கோதுமை இலை. கீழே, 'முடிக்கோதுமையின் தாய்' என்று எழுதியிருந்தது. பஸ் சில்க் போர்டு சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. கோபம் வேர்விட்டு, கிளைவிட்டு, காய்ப்பதற்குத் தாராளமாக நேரம் கிடைக்கிற இடம் அது. வீட்டுக்கு வருவதற்குள் அங்கிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "சார், நீங்க ஜாலியா பேசுவீங்களாமே. மேடத்தைப் பத்தி ஸ்வீட்டா ரெண்டு வரி எழுதிக் குடுங்க சார். மீட்டிங்ல படிக்கிறோம்." குழந்தைக் குரல். அவளை எப்படித் திட்டுவது? எழுதித் தருகிறேன் என்றேன். அந்த இரண்டு வரியில் அடங்காததுதான் இத்தனை நீளமாகிவிட்டது.

மேடம் எங்கள் கோதுமைப் பிரிவின் தலைவி. ஹூப்ளி ரயில்வே காலனியில் வளர்ந்த தமிழ்ப் பெண். என்னைவிட ஓரிரு வயதுதான் மூத்தவர். கன்னடத்தில் கோபப்பட்டு, தமிழில் கிண்டல் செய்து, ஆங்கிலத்தில் மன்னிப்பார். எங்கள் வேலை ஹொசூர் ரோட்டை ஒட்டி கம்பெனி வைத்திருந்த நெட் ஹவுஸில். மெல்லிய வலை போர்த்திய பெரிய கூண்டு அது. வெளிப்பூச்சி உள்ளே வரக்கூடாது, உள்ளே நாங்கள் வளர்க்கும் பூச்சி வெளியே போகக்கூடாது. வரிசை வரிசையாகத் தொட்டிகளில் கோதுமை. எங்கள் விருந்தாளி அசுவினி. இலைக்கடியில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும், கடுகைவிடச் சிறிய பச்சைப் பூச்சி. சாப்பிட்டுக்கொண்டே குட்டி போடும். எங்கள் ஆபீஸில் அவ்வளவு உழைப்பு வேறு யாரிடமும் கிடையாது.

சந்தையில் ஓடுகிற கோதுமை ரகத்தின் இலை வழவழவென்று இருந்தது. அசுவினிக்கு அது கல்யாண மண்டபம். எங்களிடம் இருந்த ஒரு பழைய கோதுமையின் இலையில் மட்டும் மென்மையான முடி. அதில் அசுவினி அநேகமாக உட்காராது. வெண்டைக்காய் மேல் இருக்குமே, அந்த மாதிரிச் சுணை. இரண்டையும் கலந்தால் முதல் தலைமுறை முழுக்க முடியோடு பிறக்கும். அதன் விதையை விதைத்தால் மூன்று செடிக்கு முடி, ஒன்றுக்கு வழவழப்பு என்கிற கணக்கில் பிரியும். முடி அப்படி அதிகாரமாக இறங்கும் குணம். என் அப்பாவின் மூக்கு எங்கள் வீட்டில் இறங்கியிருப்பதைப் போல.

முடி இருக்கிறதா இல்லையா என்று பார்க்க மேடம் ஒரு முறை வைத்திருந்தார். இலையை மேலுதட்டில் மெதுவாக இழுப்பது. தொட்டியும் மண்ணும் அளைந்து விரல் நுனி காய்ப்பேறிவிடும், உதடு ஏமாறாது என்பார். பிறகுதான் லென்ஸ். நான் சேர்ந்த புதிதில் ஒரு வரிசை முழுக்க உதட்டால் பார்த்து, எல்லாமே முடிதான் என்று பெருமையாகச் சொன்னேன். மேடம் என் முகத்தைப் பார்த்தார்.

"மீசை இருக்கிற வரைக்கும் நீங்க பார்த்ததை நான் எடுத்துக்க மாட்டேன்."

"ஏன் மேடம்?"

"இலையோட முடியா, உங்க முடியான்னு யாருப்பா சொல்றது?"

கல்லூரிக் காலத்திலிருந்து வளர்த்த மீசை. அதை எடுக்க விவேக் நகரில் வழக்கமான சலூனுக்குப் போனேன். மீசையையும் எடுத்துவிடுங்கள் என்றதும் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்து, ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். "அப்பாவாண்ணா?" என்று தணிந்த குரலில் கேட்டார். "இல்லப்பா. கோதுமை" என்றேன். துக்கத்தில் மனிதன் உளறுவான் என்று விட்டுவிட்டார். வீட்டில் அப்பா பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "டேய், நான் இன்னும் இருக்கேன்டா" என்றார். மனைவி மட்டும் பதறவில்லை. "ஆபீஸ்ல வேற எதையாவது எடுக்கச் சொன்னாங்கன்னா முன்னாடியே சொல்லிடுங்க" என்றாள்.

அடுத்து எங்கள் டைரக்டரைப் பற்றி. அவர் விற்பனைப் பிரிவிலிருந்து மேலே வந்தவர். அதில் தப்பில்லை, விற்கத் தெரிந்தவர்களும் வேண்டும். ஆனால் அவருக்கு அந்த முடியின் மேல் காதல் வந்துவிட்டது, அதுதான் தப்பு. ஒரு செடி பூச்சியை எதிர்க்கிறது என்பதைப் போட்டோ எடுக்க முடியாது; முடியைப் போட்டோ எடுக்கலாம். எடுத்தார். எலெக்ட்ரானிக் சிட்டி தலைமை அலுவலகத்தின் வரவேற்பறையில் ஆளுயரத்துக்கு அந்த இலையை மாட்டினார். பிறகு எங்களுக்கு உத்தரவு வந்தது. சந்தை ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் முடியுள்ள நாற்றை வைத்துக்கொண்டு வழவழப்பானதைப் பிடுங்கி எறிய வேண்டும், அவ்வளவு போதும். அசுவினியை விட்டுப் பார்க்கிற வேலை எல்லாம் வேண்டாம், நேரம் பிடிக்கிறது. "ஹேர் இருந்தா ரெசிஸ்டன்ஸ் இருக்கு. சிம்பிள்" என்றார். அவர் மீசையை முறுக்கிக்கொண்டே பேசுவார். அடர்ந்த, நன்றாகப் பராமரிக்கப்பட்ட மீசை. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிச் சில வருடம் கலந்த பிறகு, தார்வாட் பக்கத்துக் கோதுமை விவசாயிகள் சிலரைக் கம்பெனி பஸ்ஸில் அழைத்து வந்தார்கள். அதில் ஒருவர், வெள்ளைத் தொப்பி வைத்தவர், ஒரு முடியுள்ள இலையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மேடத்திடம், "எண்ணி ஹொடியூது ப்யாடேன்ரி?" என்று கேட்டார். மருந்தடிக்க வேண்டியதில்லையா என்று அர்த்தம். பூச்சிமருந்தை அங்கே எண்ணெய் என்பார்கள். மேடம், "இன்னூ கொத்தில்ரி" என்றார். இன்னும் தெரியாது. பின்னாலிருந்து டைரக்டர், "பேடவே பேட" என்று சிரித்தார். வேண்டவே வேண்டாம். தொப்பிக்காரர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நன்றாக உடுத்தியிருந்தவரை நம்பினார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

அன்று மதியம் கேன்டீனில் மேடம் சாப்பிடவில்லை. பை-டூ காபி வாங்கித் தன் பாதியையும் என் பக்கம் நகர்த்தினார். அவரை அரித்துக்கொண்டிருந்தது இதுதான்: முதல் கலப்பில் பிரிந்த செடிகளில், வழவழ இலை இருந்தும் அசுவினி உட்காராத சில செடிகள் இருந்தன. முடியிருந்தும் அசுவினி மொய்த்த சிலவும் இருந்தன. சிலதானே என்று எல்லோரும் தள்ளினார்கள். அவரால் தள்ள முடியவில்லை; அவற்றின் விதையை வருடா வருடம் ஒரு மூலையில் விதைத்துக் காப்பாற்றி வந்தார்.

"நீங்களும் உங்க பக்கத்து வீட்டுக்காரரும் விவேக் நகர்ல ஒரே பஸ் ஏறுறீங்கன்னு வெச்சுக்கங்க. பொம்மசந்திராவுல உங்களைப் பார்த்தா, அவரும் வந்திருப்பார்னு நான் நினைச்சுப்பேன். முக்காவாசி நாள் கரெக்டாத்தான் இருக்கும். ஒரு நாள் அவர் சில்க் போர்டுலயே இறங்கிட்டா?"

"நான் மட்டும் வந்திருப்பேன்."

"நீங்க மட்டும் வந்து என்ன பிரயோஜனம்? வேலை தெரிஞ்சவர் அவரு."

அவமானம் ஒருபுறம் இருக்கட்டும், விஷயம் எனக்குப் புரிந்தது. முடியைத் தரும் மரபணு ஒன்று, பூச்சியை விரட்டுவது வேறொன்று. இரண்டும் அக்கம்பக்கத்தில் குடியிருப்பதால் பெரும்பாலும் சேர்ந்தே பயணம் செய்கின்றன. ஒவ்வொரு கலப்பும் ஒரு பஸ் பயணம். டைரக்டர் சொல்கிறபடி முடியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால், எந்த நிறுத்தத்தில் வேலைக்காரர் இறங்கினார் என்றே தெரியாது. கடைசியில் முடி மட்டும் வந்து நிற்கும். "அப்படித்தான்னு நிச்சயமா மேடம்?" என்றேன். "நிச்சயமா இருந்தா காபி இறங்கியிருக்கும்ல" என்றார்.

இதற்குச் சில வாரம் கழித்துத்தான் என் மகத்தான வியாழக்கிழமை வந்தது. புதன்கிழமை ஏதோ விடுமுறை. வியாழன் காலை நெட் ஹவுஸைத் திறந்து உள்ளே போகிறேன், கடைசி வரிசையில் முடியுள்ள பழைய கோதுமை இலைகளில் பாதி வெயிலில் பளபளக்கின்றன. முடியுள்ள இலை பளபளக்காது; சாம்பல் பூத்தாற்போல இருக்கும். ஒன்றைப் பிடித்து உதட்டில் இழுத்தேன். மொழுக். அடுத்தது, மொழுக். தொட்டியில் குத்தியிருந்த சீட்டுகள் என் கையெழுத்தில் இருந்தன. விதைத்தவன் நான். விதைப் பொட்டலங்களை மாற்றி விதைத்துவிட்டேன் என்று முதலில் முடிவுகட்டினேன். ஆனால் போன வாரம் இதே செடிகளில் முடி இருந்ததே? அப்படியானால் நான் கலந்து வைத்த உரக் கரைசலில் ஏதோ கோளாறு. அல்லது நோய். அங்கிருந்துதான் என் தலை வரைக்கும் யோசனை போனது.

மேடத்துக்கு போன் செய்தால் எடுக்கவில்லை. தலைமை அலுவலகத்தில் நாள் முழுக்க மீட்டிங். உர ஷெட்டில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து மனைவியை அழைத்து, "நான் வேலையை விட்டுட்டா என்ன பண்ணுவ?" என்றேன். "இப்ப என்ன பண்றீங்களோ அதேதான் நானும் பண்ணுவேன், சும்மா உட்கார்ந்திருப்பேன்" என்று வைத்துவிட்டாள். சாயங்காலம் நேராகக் குழந்தை இயேசு கோவிலுக்குப் போனேன். வியாழக்கிழமை அங்கே எல்லா மதத்துக்காரர்களும் வரிசையில் நிற்பார்கள். நான் எந்தக் கோவிலையும் தவறவிடுகிற ஆள் இல்லை, பயம் வந்தால். மெழுகுவர்த்தி விற்ற பெண், "என்ன வேண்டுதல்ண்ணா?" என்றாள். "முடி திரும்ப வளரணும்" என்றேன். அவள் என் நெற்றியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கையில் எடுத்ததை வைத்துவிட்டுப் பெரிய மெழுகுவர்த்தியாக எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளி காலை நான் போகும்போது மேடம் ஏற்கெனவே உள்ளே இருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு இலையை இடது உள்ளங்கையில் பரப்பி, வலது கையால் எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். இளஞ்சிவப்பு ரேசர்.

"என்ன மேடம் பண்றீங்க?"

"ஷேவிங்."

கேட்டுக்கொண்டு நின்றேன். பூச்சியைத் தடுப்பது முடிதான் என்றால் முடியை எடுத்துவிட்டால் பூச்சி வர வேண்டும். தடுப்பது முடி இல்லை, வேறு ஏதோ என்றால், எடுத்த பிறகும் வராது. புதன்கிழமை விடுமுறையில் வந்து, கடைசி வரிசைத் தொட்டிகளில் பாதி இலைகளை மழித்திருக்கிறார். எவ்வளவு எளிமை. நாங்கள் அத்தனை பேரும் முடியை எண்ணினோம், போட்டோ எடுத்தோம், உதட்டில் தேய்த்தோம். எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்குப் பாராட்டத் தோன்றவில்லை. முன்தின மெழுகுவர்த்தி நினைவுக்கு வந்தது.

"சொல்லியிருக்கலாம்ல மேடம்? நேத்து எனக்கு உசிரே போயிடுச்சு."

"சொன்னா லஞ்சுக்குள்ள கேன்டீன் பூரா தெரிஞ்சிருக்கும். உங்க வாய் அப்படி."

"சரி, இது வழவழ ரகமாச்சே. இதை ஏன் சிரைக்கிறீங்க? இதுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. நாளைக்கு எவனும் வந்து, இலையில பிளேடு பட்ட காயத்தாலதான் பூச்சி வரலைன்னு சொல்லக்கூடாது. அதான் மொட்டைத் தலைக்கும் சவரம்." என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். "உங்களைச் சொல்லல."

பிறகு மெல்லிய தூரிகையால் அசுவினிகளை ஒவ்வொன்றாக எடுத்து இலைகளில் விட்டோம். வழவழ ரகத்தில், பிளேடு பட்டும், அவை அன்றே குடித்தனம் ஆரம்பித்தன. மழித்த பழைய கோதுமையில் நடந்தன, அலைந்தன, தரையில் விழுந்தன, சில இறந்தன. முடி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அவை அந்த இலையைச் சீண்டவில்லை. கடைசியாக, டைரக்டர் சொன்னபடி பலமுறை கலந்து, முடியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்து வைத்திருந்த புது ரகத்தில் விட்டோம். நல்ல அடர்த்தியான முடி. அசுவினி முடிக்கு நடுவில் குளிருக்குப் போர்த்திக்கொண்டதுபோல உட்கார்ந்து குட்டி போட்டது. வேலை தெரிந்தவர் எங்கோ இறங்கிவிட்டார். சொன்னது பலித்ததே என்று நான் குதித்தேன். மேடம் குதிக்கவில்லை. அந்த முடியை நம்பி இந்தக் கலப்பு வேலையையே தொடங்கியவர் அவர்தான். "நான் நினைச்சது தப்பா இருக்கணும்னுதான்ப்பா வேண்டிக்கிட்டேன்" என்றார்.

டைரக்டரிடம் போய்ச் சொன்னார். இந்த விதை போகக்கூடாது. வழவழ இலையானாலும் பூச்சி உட்காராத அந்தச் சில செடிகளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இன்னும் சில பருவம் ஆகும். அதுவரை யாரிடமும் மருந்தடிக்க வேண்டாம் என்று சொல்லக்கூடாது. நானும் கூடப் போயிருந்தேன். டைரக்டர் ரேசர் கதையைக் கேட்டு நாற்காலியில் சாய்ந்தார். "மேடம், நீங்க இங்க ரிசர்ச் பண்றீங்களா, சிரைக்கிறீங்களா?" என்றார். ஒரு தொழிலின் பெயரை வசவாகப் பயன்படுத்துகிறவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது. மேடத்துக்கு முகம் மாறவில்லை. "சிரைக்கிறேன் சார்" என்றார். "அதனாலதான் தெரிஞ்சுது."

சில நாளில் விதை வியாபாரிகளுக்கு விழா நடந்தது. நெட் ஹவுஸ் வாசலில் பந்தல், புது ரகத்தின் பெயர் போட்ட பேனர், எல்லோருக்கும் தொப்பி. டைரக்டர் மைக்கைப் பிடித்து உதட்டு முறையைத் தன் கண்டுபிடிப்பு மாதிரி விளக்கிவிட்டு, தட்டில் இருந்த இலைகளுக்குக் கை நீட்டினார். தட்டைப் பிடித்திருந்தவர் மேடம். ஒரு இலையை எடுத்துக் கொடுத்தார். டைரக்டர் கண்ணை மூடி, அந்த அடர்ந்த மீசைக்குக் கீழே இலையை இழுத்தார். "ஆஹா. வெல்வெட்" என்றார் மைக்கில்.

"சார், அது நான் சிரைச்ச இலை" என்றார் மேடம். மைக் பக்கத்திலேயே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

முதலில் ஒரு வியாபாரி சிரித்தார். அடுத்து நான் சிரித்தேன்; அடக்கவே முடியவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சிரிப்பு எனக்குள் பாதி இனிப்பாகவும் பாதி கசப்பாகவும் கிடக்கிறது. ஏனென்றால் சிரித்ததோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மானம் உள்ள மனிதன் இதற்குப் பிறகு அந்த விதையை விற்க மாட்டான் என்று நினைத்தேன். என் வழுக்கை செடிக்குத் தொற்றும் என்று நம்பியதைவிட இது பெரிய முட்டாள்தனம். அந்த வியாபாரிகள் சிரித்துவிட்டு, சாப்பாட்டுப் பந்திக்குப் போய், பிசிபேளாபாத் சாப்பிட்டுவிட்டு, விதைக்கு ஆர்டர் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் நெட் ஹவுஸ் சாவி மேடத்திடமிருந்து வாங்கப்பட்டது. இடம் வேறு பயிருக்கு வேண்டும் என்றார்கள். நாங்கள் போவதற்குள் தொட்டிகளைக் கவிழ்த்துவிட்டிருந்தார்கள். அந்தச் சில செடிகள், முடியே இல்லாமல் பூச்சியை விரட்டிய அந்த வழவழச் செடிகள், கதிர் முற்றாமல் எருக்குழியில் மற்றவற்றோடு கிடந்தன. மேடம் குழியோரம் குந்தி, ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தார். வெந்த எருவின் சூட்டில் எல்லாம் குழைந்திருந்தது. எது எந்தச் செடி என்று உதட்டாலும் சொல்ல முடியாது. அவர் அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "பேஜாரு" என்றார். அவ்வளவுதான்.

ரகத்தை வெளியிட, அதை உருவாக்கியவர் கையெழுத்து வேண்டும். கேட்டார்கள், மறுத்தார். நயமாகக் கேட்டார்கள், மறுத்தார். பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து, கோதுமையைச் சப்பாத்தியாக மட்டுமே பார்த்திருந்த ஒருவர் போட்டார். மேடம் வேலையை விட்டு, ஹொசூர் ரோட்டில் ஒரு பி.யூ. காலேஜில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்தப் போனார். கடைசி நாளில் மேஜையைக் காலி செய்யும்போது அந்த ரேசரை என்னிடம் கொடுத்தார். பிளேடு சுத்தமாக மழுங்கியிருந்தது. கோதுமை இலையில் மணல் சத்து உண்டு, எந்தக் கத்தியையும் தின்றுவிடும். "மீசைக்கு வெச்சுக்கங்க" என்றார். "இதுல மீசை போகாது மேடம், உதடுதான் போகும்" என்றேன். "அப்ப பேச்சாவது குறையும்" என்றார்.

அடுத்த குளிர்காலத்தில் புது ரகத்தைப் போட்டோ எடுக்க என்னைத் தார்வாட் பக்கம் அனுப்பினார்கள். சிரித்த முகமாக விவசாயிகள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வெள்ளைத் தொப்பிக்காரரின் வயல் அது. தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் பூத்த, அழகான பயிர். உள்ளே நடந்தேன். கால்சட்டையில் பிசுபிசுவென்று ஒட்டியது; அசுவினி கழிக்கும் தேன். ஒரு இலையைத் திருப்பினேன். முடி இருந்தது. முடி தெரியாத அளவுக்கு அசுவினியும் இருந்தது. கதிர்கள் பால் பிடிக்காமல் வெளுத்து நின்றன. மருந்து அடித்தீர்களா என்று கேட்டேன். அடிக்கவில்லை, வேண்டாம் என்றுதானே சொன்னீர்கள் என்றார் கன்னடத்தில். அவர் கோபப்படவில்லை. ஏதாவது தன் தவறாக இருக்குமோ என்கிற மாதிரி ஒரு இலையைப் பிடுங்கி, அன்று போலவே கன்னத்தில் தேய்த்துப் பார்த்து, "முடி இருக்கே சார்" என்றார். போட்டோ எடுக்காமல் திரும்பினேன், கொஞ்ச நாளில் வேலையையும் விட்டேன். விவசாயிகள் தாமதமாக விதைத்துவிட்டார்கள் என்று கம்பெனி சொன்னது. அடுத்த வருடம் அந்த ரகம் சத்தமில்லாமல் பட்டியலிலிருந்து போயிற்று. டைரக்டருக்குப் பதவி உயர்ந்தது. வரவேற்பறையில் இலை மட்டும் இன்னும் தொங்குகிறதாம். அதை மாட்டிய சுவரில்தான் இப்போது மேடத்தையும் மாட்டப் பார்க்கிறார்கள்.

அந்த வேலையை விட்ட பிறகு மீசையை மறுபடி வளர்த்திருந்தேன். பிஸ்கட் மாவில் வண்டு பார்க்க மீசை இடைஞ்சல் இல்லை. மேடம் போன செய்தி வந்த மறுநாள் காலை கண்ணாடி முன் நின்று, அந்த இளஞ்சிவப்பு ரேசரால் அதை எடுத்தேன். நல்ல ரேசர் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு இடத்தில் கிழித்துக்கொண்டேன். கூடத்துக்கு வந்தபோது அப்பா பார்த்தார். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. அருகில் கூப்பிட்டு என் மேலுதட்டை விரலால் தடவினார். நான் இன்னும் இருக்கேன்டா என்பார் என்று காத்திருந்தேன்.

"யாருடா?" என்றார்.

"மேடம்பா."

தலையசைத்துக் கையை எடுத்துக்கொண்டார். உள்ளே போய், முந்தின நாள் போன் செய்த அந்தப் பெண்ணுக்கு அவள் கேட்ட இரண்டு வரியை அனுப்பினேன். மீட்டிங்கில் படித்தார்களா என்று தெரியாது. அது இது:

முடிக்கோதுமை வெளிவருவதற்கு மேடம் கையெழுத்துப் போடவில்லை.

அவர் சிரைத்த இலையில் அசுவினி உட்காரவில்லை.